ஏழு சகோதரிகளும் என் மச்சாளும்

படகில் இருந்த அத்தனை பேரும் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருத்திதான் வலப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இடப்பக்கம் ஏழு சகோதரிகள். அது ஓர் அருவியின் பெயர். நோர்வேயில், கைராங்கர் என்ற ஃபியோர்டில், மலையுச்சியிலிருந்து ஏழு கோடாகப் பிரிந்து நேரே கடலுக்குள் விழுகிறது. ஃபியோர்ட் என்றால் என்னவென்று போகும்வரை எனக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் மலை செங்குத்தாக நிற்க, நடுவால் கடல் ஓர் ஒடுங்கிய ஒழுங்கை மாதிரி நாட்டுக்குள்ளே புகுந்து வளைந்து வளைந்து போகிறது. தண்ணீர் கரும்பச்சை. வெயில் எறித்தாலும் அந்தப் பச்சை வெளிறுவதில்லை.

வலப்பக்கம், கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் கணவர் நேசனும் அவருடைய அக்கா, என் மச்சாள் தவமணியும். இரண்டு தலையும் முட்டுகிற அளவுக்கு நெருங்கி இருந்தன. மழைச்சட்டைத் தொப்பிக்குள்ளே வாய் அசைவது தெரிந்தது, சொல் கேட்கவில்லை. நான் பார்க்கிறேன் என்று கண்டதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அருவிப் பக்கம் திரும்பி, "ஆ, என்ன வடிவு!" என்றார்கள்.

அருவி வடிவுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே நொடியில் அது கண்ணில் பட்டதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

எனக்கு அப்போது நூற்றுக்கு நூறு நிச்சயம். இந்த அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னை இத்தாலியில், பலெர்மோவிலிருந்து பிடுங்கிக்கொண்டுவந்து இந்த மழைக்குள்ளே நடப்போகிறார்கள். மலை, அருவி, படகு எல்லாம் அதற்குக் கட்டிய சோடனை.

கட்டிலுக்கு அடியில் ஒரு தோடு

இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்கு என் குணம் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: நான் லேசில் எதையும் நம்புகிறவள் அல்ல. மன்னாரிலிருந்து புறப்படும்போது அப்படி இருக்கவில்லை. இது பலெர்மோவில் வேலையோடு சேர்ந்து வந்த குணம்.

வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டில் நான் பார்த்துக்கொள்ளும் சிஞ்ஞோரா, வயதான வீட்டுக்கார அம்மா, இருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருடைய கட்டிலுக்கு அடியில் ஒரு தங்கத் தோடு கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். "ஐயோ, தேடிக்கொண்டிருந்தேன்" என்றார். சில நாள் கழித்து அதே தோடு, அதே இடம். அப்போதும் கொடுத்தேன். மூன்றாம் முறை அதைத் தொடவேயில்லை. சுற்றிவரக் கூட்டிவிட்டு வந்துவிட்டேன்.

சிஞ்ஞோராவால் பொறுக்க முடியவில்லை. "கட்டிலுக்கு அடியில் கூட்டவில்லையா?" என்று கேட்டார்.

"கூட்டினேன். உங்கள் தோடு நல்ல நித்திரை. நான் எழுப்பவில்லை" என்றேன்.

சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதம். ஆனால் கட்டிலுக்கு அடியில் எவர் எதைப் போட்டிருக்கிறார் என்று பார்க்கும் பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை. அது வீட்டுக்கும் வந்துவிட்டது.

சும்மா பாத்திட்டு வாறம்

நேசனுக்கு ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. கணவாய் மீனும் மட்டியும் அவர் கையில்தான் துப்புரவாகும். நாள் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர், ஓய்வுநாளில் கடற்கரைப் பக்கம் போவோம் என்று கேட்டால் முகத்தைச் சுளிப்பார். இருபது வருடத்துக்கு மேலாக அவரை நானோ மகளோ ஒரு இடத்துக்கும் இழுத்துக்கொண்டு போனதில்லை. ஞாயிற்றுக்கிழமையில் மொந்தே பெல்லகிரீனோ மலையேறி சாந்தா ரொசாலியாவைக் கும்பிட்டுவிட்டு வருவதுதான் அவருடைய உல்லாசப் பயணம்.

அப்படிப்பட்ட மனிதர் போன வருடம் ஒரு மாலை, எலுமிச்சந்தோலால் கையைத் தேய்த்துக்கொண்டு நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இஞ்சரும், நோர்வே வடிவான இடமாம். ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவமே?"

"ஆர் சொன்னது?"

"அக்காதான்."

"அக்கா போய் முப்பது வருசமாகுது. இப்பதான் அவவுக்கு வடிவு தெரிஞ்சதோ?"

அவர் தேய்த்த கையையே திரும்பவும் தேய்த்தார்.

இதற்குள் என்ன இருக்கிறது, ஒரு மனிதன் பெண்சாதியை ஊர் பார்க்கக் கூப்பிட்டது குற்றமா என்று நீங்கள் நினைக்கலாம். பலெர்மோவில் இருந்து பார்த்தால் விளங்கும். எங்கள் ஆட்களுக்கு இந்த நகரம் ஒரு பஸ் நிலையம். பெர்மெசோ என்ற வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில் விடியவிடிய வரிசையில் நின்றவர்கள்தான் எல்லோரும். பிரஜாவுரிமை கையில் வந்ததும் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். லண்டன், பாரிஸ், ஜெர்மனி. போகிறோம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள், சொன்னால் கண்பட்டுவிடும். "சும்மா பாத்திட்டு வாறம்" என்பார்கள். போகும்போது கறிவேப்பிலைச் சாடியைக் கொண்டுவந்து, "ஒரு கிழமைக்குத் தண்ணி ஊத்திவிடுங்கோ" என்று பக்கத்து வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள்.

எங்கள் பல்கனியில் அப்படி வந்த சாடிகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றின் சொந்தக்காரர் பர்மிங்ஹாமில் வீடு வாங்கிவிட்டார். இன்னொன்றின் சொந்தக்காரர் பாரிஸில் மகளுக்குச் சாமத்தியச் சடங்கும் செய்து முடித்துவிட்டார். அந்த ஒரு கிழமை இன்னும் முடியவில்லை.

நோர்வேப் பயணத்துக்கு ரிக்கெற் எடுத்த அன்று நேசன் கேட்டார்: "எங்கட கறிவேப்பிலைச் சாடியை ஆரிட்டைக் குடுப்பம்?"

மகள் மரியா வீட்டில்தான் நிற்கப்போகிறாள். சோதனைக்குப் படிக்க வேண்டும் என்று அவள் வரவில்லை. அவள் இருக்க, சாடியை ஏன் வெளியே கொடுக்க வேண்டும்? கேட்டதற்கு, "அவள் தண்ணி ஊத்த மறந்துபோடுவாள்" என்றார். மகளைத் தனியே கேட்டேன்.

"மம்மா, பப்பா ஏதோ ப்ரொஜெத்தோ வச்சிருக்கிறார்," என்றாள் அவள். திட்டம் என்ற சொல் அவளுக்கு இத்தாலியனில்தான் வரும். "நீங்கள் அங்கை நிண்டுடாதீங்கோ. நான் இஞ்சை இருந்து அசையமாட்டன்."

அவளும் அசையமாட்டாள், நானும் அசையமாட்டேன். வுச்சீரியாச் சந்தையில் மீன்காரன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். சிஞ்ஞோராவுக்கு என்னைத் தவிர வேறு கையால் சாப்பாடு இறங்காது. வந்த காலத்தில் அழுதழுது பழகிய நகரம் இது. இன்னொரு தடவை முதலிலிருந்து அழ என்னிடம் தெம்பு இல்லை.

தம்பியிட்டைக் குடும்

மச்சாளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நேசன் யாழ்ப்பாணத்துச் சைவம். நான் மன்னார்க் கத்தோலிக்கம். பலெர்மோவில் எங்கள் பங்குக் கோவிலில்தான் கலியாணம் நடந்தது. தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்த மச்சாள் அப்போதே நோர்வேயில் இருந்தார். கலியாணத்துக்கு முன்னால் ஒரு தொலைபேசி வந்தது. நேசன் காதோடு அழுத்திப் பிடித்திருந்தும் அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"வேதக்காரியைக் கட்டினால் ரெண்டு பேரும் என்ர வாசல்படி மிதிக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்!"

நேசன் கட்டினார். மச்சாள் வரவில்லை. மரியா பிறந்த பிறகு கோபம் தம்பி அளவில் மட்டும் இறங்கியது. எனக்கும் அவருக்கும் இடையில் இத்தனை வருடம் நடந்த பேச்சு முழுவதையும் இங்கே எழுதிவிடலாம். "எப்பிடிச் சுகம்?" "இருக்கிறம்." "தம்பியிட்டைக் குடும்."

மச்சாளின் கணவர், நேசனின் அத்தான், செத்தபோது நேசன் மட்டும் போய்வந்தார். அதற்குப் பிறகு மச்சாள் ஒவ்வொரு நாளும் போன் எடுக்கத் தொடங்கினார். நான் சமைத்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் எடுப்பார். நேசன் போனைக் குசினி மேசையில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளி உரிப்பார். கதையும் பெரிதாக இருக்காது. அங்கே மழை, இங்கே வெயில், அவ்வளவுதான். கதை ஒன்றும் இல்லாமல் ஒரு மணித்தியாலம் ஏன் லைனில் இருக்க வேண்டும்? ஆள் என் வீட்டை வேவு பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். சட்டியை இறக்கும்போது கொஞ்சம் சத்தமாகவே இறக்குவேன்.

அதற்குப் பிறகுதான் இந்த அழைப்பு. நேசன் போனை என் கையில் தந்தார். "நீரும் வாருமன்," என்றது அந்தக் குரல். தம்பியிட்டைக் குடும் என்று சொல்லவில்லை. என் சந்தேகத்துக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

வெறும் அலுமாரி

மச்சாளின் ஊர் ஓலசுண்ட். போகிறவர்களுக்குச் சொல்கிறேன், அழகான ஊர். முன்னொரு காலத்தில் முழு ஊரும் எரிந்துபோய், பிறகு கல்லால் கட்டியிருக்கிறார்கள். வீட்டு முகப்பெல்லாம் பூவும் கொடியும் பூதத்தின் முகமும். நடுவில் அக்ஸ்லா என்று ஒரு குன்று, படிகளால் ஏறலாம். மேலே நின்றால் தீவுகளும் கடலும் கைக்கெட்டுகிற மாதிரிக் கிடக்கும். எங்கள் சாந்தா ரொசாலியா மலையோடு பார்த்தால் அது ஏற்றமே இல்லை, ஆனால் வந்த அன்றே மச்சாள் எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது நேசன் மூச்சு வாங்கினார்.

விமான நிலையத்தில் மச்சாள் எங்கள் பெட்டிகளைத்தான் முதலில் பார்த்தார். கறித்தூள், கருவாடு, எலுமிச்சம்பழம், சிஞ்ஞோரா இரவல் தந்த கம்பளிக் கோட்டு என்று பெட்டிகள் பெரிதாகிவிட்டன. "உவ்வளவும் ஒரு கிழமைக்கோ?" என்றார். அவர் கண்ணில் ஒரு பளபளப்புத் தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

வீடு ஊரின் ஓரத்தில், பலகையால் கட்டியது. எங்களுக்கு விட்ட அறையில் ஒரு பெரிய அலுமாரி. திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை, ஒரு ஹாங்கர்கூட இல்லை. பக்கத்து அறை அலுமாரியையும் மெல்லத் திறந்தேன். அதுவும் வெறும் அலுமாரி. குசினித் தட்டுகளில் பாதி வெறுமை. முப்பது வருடம் குடியிருந்த வீட்டில் ஒரு பொம்பிளை இத்தனை அலுமாரியை எதற்காக ஒழித்து வைப்பாள்? ஒரு கிழமை விருந்தாளிக்கு ஒரு கொழுக்கி போதாதா?

மறுநாள் காலை மச்சாள் செத்துப்போன அத்தானின் குளிர்ச்சட்டைகளைக் கொண்டுவந்து கட்டிலில் பரப்பினார்.

"தம்பி, போட்டுப் பார். உனக்கு அளவாயிருக்கும்."

நேசன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஆடிமாதத்தில், வீட்டுக்குள்ளே, முழங்கால்வரை தொங்கும் கோட்டோடு கண்ணாடி முன்னால் அங்குமிங்கும் திரும்பினார். பலெர்மோவில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தால் நாய் குரைக்கும்.

"எங்கை போடப்போறியள் உதை?" என்று கேட்டேன்.

"கிடக்கட்டுமே," என்றார் அவர்.

அன்று மச்சாள் எங்களைக் காரில் ஏற்றி, கடலுக்கு அடியால் போகும் சுரங்கப்பாதை வழியாக கொத்ஓய் என்ற தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அல்னெஸ் என்ற இடத்தில் மரத்தால் கட்டிய ஒரு வெளிச்சவீடு இருக்கிறது. புல்வெளியில் செம்மறியாடுகள். காற்று காதைப் பிய்த்தது. வாஃபிளின் மேல் தொதல் என்ற எங்கள் ஊர் இனிப்பின் மண்ணிறத்தில் ஒரு சீஸை மெல்லிசாகச் சீவிப் போட்டுத் தந்தார்கள். இனிப்பா உப்பா என்று முடிவெடுப்பதற்குள் தின்று முடித்துவிட்டேன்.

திரும்பும் வழியில் மச்சாள் ஒரு மீன் தொழிற்சாலைக்கு முன்னால் காரை நிறுத்தினார். "நானும் அத்தானும் வேலை செய்த இடம்," என்றார். இறங்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் வெட்டி வெட்டி வளைந்துபோன விரல்கள் ஸ்டியரிங்கின் மேல் இருந்தன.

நேசன் பின்னால் இருந்து கேட்டார்: "மாரியிலை எப்பிடி அக்கா, எந்த நேரமும் இருட்டோ?"

"பகல் எண்டு பேருக்கு ஒண்டு வரும். மத்தியானமே போயிடும்."

"தனிய இருக்கேக்கை என்ன செய்வியள்?"

"ரீவியைப் போட்டு விடுறது."

எல்லாம் என் காதில் விழுந்தது. கணவாய் வெட்டுகிறவருக்கு மீன் தொழிற்சாலையைக் காட்டியாயிற்று. குளிர்காலத்தையும் விசாரித்தாயிற்று. இனி என்ன மிச்சம்?

மலையைக் காவல் காக்கும் ஊர்

கைராங்கருக்குப் போன நாள்தான் நான் முதலில் சொன்ன நாள். விடிய வெளிக்கிட்டோம். விடிய என்று சொல்வதும் பிழை, அந்த நாட்டில் கோடையில் ஒழுங்காக இருட்டுவதே இல்லை. இரவே வராத ஊரை எப்படி நம்புவது?

காரோடு ஒரு படகு, பிறகு தரை, பிறகு இன்னொரு படகு. ஓய என்று ஒரு சின்னக் கிராமம், ஃபியோர்டின் நுனியில் பழைய மர விடுதியோடு. அங்கிருந்து நோரங்ஸ்டாலன் என்ற பள்ளத்தாக்கு. ஒடுங்கிய பாதை, இரண்டு பக்கமும் ஈரக்கல், மலையடிவாரத்தில் கோடையிலும் கரையாத அழுக்குப்பனி. ஓரிடத்தில் ஒரு சிறிய ஏரி. முன்பு மலை சரிந்து ஆற்றை மறித்ததால் உண்டான ஏரியாம். எட்டிப் பார்த்தேன். தண்ணீருக்குள்ளே கல்லால் கட்டிய மதில், அதன் பக்கத்தால் போகும் பாதை. ஆட்கள் நடந்த பாதை இப்போது மீனுக்கு.

மச்சாள் என் பக்கத்தில் வந்து நின்று, "நான் ஒவ்வொரு வருசமும் இதை வந்து பாக்கிறனான்," என்றார். அவர் என்னைப் பார்த்துத் தானாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். தலையை ஆட்டினேன்.

பள்ளத்தாக்கு முடிகிற இடம் ஹெல்லசில்ட். ஊருக்கு நடுவில் ஓர் அருவி இரைந்துகொண்டு பாய்கிறது. அதன் பாலத்தில் நின்று தேத்தண்ணி குடித்தோம். அந்த ஊரைப் பற்றி மச்சாள் ஒரு கதை சொன்னார். ஃபியோர்டில் கொஞ்சம் தள்ளி ஒரு மலையில் பெரிய வெடிப்பு இருக்கிறதாம். அது விழுந்தால் கடல் எழும்பி இந்த ஊருக்குள் வருமாம். அதனால் இரவு பகலாக அந்த மலையில் கருவி பூட்டி, அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்களாம். அசைந்தால் சங்கு ஊதும், சனம் மேட்டுக்கு ஓட வேண்டும்.

கடல் ஊருக்குள் வருவது என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மூன்று பேரும் திரும்பி, மேடு எந்தப் பக்கம் என்று பார்த்தோம்.

ஆனால் அந்த ஊர் எனக்கு அந்த நிமிடமே பிடித்துப்போனது, அதையும் சொல்ல வேண்டும். ஒரு முழு மலையைச் சந்தேகப்பட்டு, அந்தச் சந்தேகத்தோடேயே தொட்டிலில் பிள்ளையை ஆட்டி, கடையைத் திறந்து, பூஞ்சாடி வைத்து வாழ்கிறார்கள். நேசனிடம் சொன்னேன்: "பாருங்கோ, இவையும் என்னை மாதிரித்தான்."

"மலை எண்டாலும் ஒருநாள் விழும்," என்றார் நேசன். "நான் என்ன செய்யப்போறன் எண்டு நீர் உப்பிடிப் பாக்கிறீர்?"

அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

மறுபடியும் படகில்

ஹெல்லசில்டிலிருந்து கைராங்கருக்குப் போகும் படகில்தான் அந்தக் கிசுகிசுப்பைக் கண்டேன். நான் கண்டதும் "என்ன வடிவு" என்றவர்கள், அதோடு நிற்கவில்லை. மச்சாள் நேசனுக்குக் கண்ணால் ஏதோ காட்டினார். நேசன், "கோப்பி வாங்கிக்கொண்டு வாறன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கோப்பி வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

மச்சாள் வந்து என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டீசல் மணமும் ஈரக் கம்பளி மணமும். ஒலிபெருக்கியில் ஒரு குரல் பல பாஷையில் ஏதோ சொல்ல, சனம் சிரித்தது.

"என்ன சொல்லுறாங்கள்?" என்று கேட்டேன்.

"உந்த ஏழும் கலியாணம் கட்டாத சகோதரங்களாம். அங்காலை எதிர்ப்பக்கம் விழுகிற அருவி மாப்பிளை. ஒவ்வொருத்தியாக் கேட்டுப் பாத்தானாம். ஒருத்தியும் ஓம் சொல்லேல்லை. அவன் குடியிலை விழுந்திட்டானாம்."

"ஏழு பேரிட்டையும் கேட்டானோ? சீதனம் கூடக் கேட்டிருப்பான்."

மச்சாள் சிரித்தார். இத்தனை வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. நேசனின் சிரிப்பு அச்சொட்டாக அப்படியேதான். பிறகு சிரிப்பை நிறுத்தி, "கேக்கிறது லேசான வேலையில்லை, மச்சாள்," என்றார்.

மச்சாள் என்று என்னைக் கூப்பிட்டதும் அதுதான் முதல் தடவை. வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் வாய் திறக்கவிட்டால் நான் தோற்றுப்போவேன். முந்திக்கொண்டேன்.

"கேக்காதீங்கோ. நாங்கள் இஞ்சை வரமாட்டம். அலுமாரியெல்லாம் ஒழிச்சு வச்சிருக்கிறதைக் கண்டனான். கோட்டுப் போட்டு அளவு பாத்ததையும் கண்டனான். உங்கட தம்பிக்கு விருப்பமெண்டால் வரட்டும். நானும் பிள்ளையும் பலெர்மோவை விட்டு அசையமாட்டம். எங்களுக்கு அங்கை ஒரு சீவியம் இருக்கு. உங்கட மழையும் மலையும் உங்களோடையே இருக்கட்டும்."

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போலும். முன்னால் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அருவியை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்.

மச்சாள் என்னை வெறித்துப் பார்த்தார். "ஆர் உங்களை இஞ்சை வரச் சொன்னது?"

"பின்னை?"

"நான் அங்கை வரட்டோ எண்டு கேக்கத்தான் உம்மைக் கூப்பிட்டனான்."

நான் முழுதாக அவர் பக்கம் திரும்பினேன்.

"வீட்டை விக்கிறதெண்டு முடிவாப் போச்சு," என்றார். "அதுதான் சாமானெல்லாம் குடுத்து முடிச்சனான். அந்தக் கோட்டும் இனி ஆருக்கு? ஒஸ்லோவிலை மகன் கூப்பிடுறான். அவையின்ரை வீட்டிலை நாள் முழுக்க ஒருத்தரும் இல்லை, அங்கையும் நான் ரீவிதான் பாக்கவேணும். தம்பியைக் கேட்டன். அவன் மாட்டனெண்டிட்டான்."

"மாட்டனெண்டவரோ?"

"'அது அவளின்ரை வீடு. அவளைத்தான் கேக்கவேணும். போனிலை கேக்காதை, முகத்தைப் பாத்துக் கேள்' எண்டவன். கையிலை காலிலை விழுந்தும் ஓம் சொல்லேல்லை. அதுக்குத்தான் இந்த ஊர் சுத்திறது எல்லாம். முதல் நாள் கேப்பம் எண்டு மலைக்குக் கூட்டிக்கொண்டு போனன், ஏலேல்லை. வெளிச்சவீட்டடியிலையும் ஏலேல்லை. அந்த ஏரியடியிலை வாய் வரைக்கும் வந்தது."

நேசன் கறிவேப்பிலைச் சாடியிலிருந்து கோட்டு வரைக்கும் செய்ததை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். மனுசன் என் சம்மதம் இல்லாமல் ஒரு சொல்லும் கொடுக்கவில்லை. அக்காவுக்கும் எனக்கும் நடுவில் மாதக்கணக்காக வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறார்.

"ஏன் பலெர்மோ? உங்களுக்கு அங்கை ஆரைத் தெரியும்?" என்று கேட்டேன்.

"உம்மைத்தான்." மச்சாள் அருவியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "போனிலை உங்கட குசினிச் சத்தம் கேக்கும். நீர் சட்டி இறக்கிற சத்தம், தம்பியைப் பேசுற சத்தம், பிள்ளை இத்தாலியனிலை கத்துற சத்தம். அதைக் கேக்கத்தான் ஒவ்வொரு நாளும் எடுக்கிறனான். இஞ்சை என்ர வீட்டிலை ஒரு கோப்பை விழுந்தாலும் நான்தான் போட்டிருக்க வேணும்."

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கமாட்டேன், அதற்குள்ளே ஒரு சந்தோஷமும் இருந்தது, நல்ல சந்தோஷம் அல்ல. இத்தனை வருடம் என்னைத் தாண்டித் தம்பியிடம் போன குரல், இப்போது என் பதிலுக்காக மழைக்குள்ளே காத்துக்கொண்டு நிற்கிறது. மாட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். என் மனத்தில் அந்தச் சொல் தயாராக இருந்தது. கொஞ்ச நேரம் அதை வைத்திருந்தேன்.

"நீங்கள் என்னைப் பற்றிக் கலியாணத்துக்கு முதல் சொன்னதை நான் மறக்கேல்லை," என்றேன்.

"நானும் மறக்கேல்லை," என்றார் மச்சாள். நியாயம் கதைக்கவில்லை, அந்தக் காலம் அப்படி என்று இழுக்கவில்லை. வளைந்த விரல்கள் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன.

உள்வாசலில் நேசன் மூன்று கோப்பிக் கோப்பைகளோடு நின்றுகொண்டிருந்தார். வெளியே வரப் பயந்து, கண்ணாடிக்குப் பின்னாலேயே நின்றார். கண்ணாடி அவருடைய மூச்சால் புகைந்திருந்தது.

"எங்கட வீடு சின்னன்," என்றேன். "முன்னறையிலை மாதா சுரூபம் இருக்கு. அதுக்குக் கீழைதான் உங்களுக்குக் கட்டில் போடலாம். வேறை இடம் இல்லை."

மச்சாள் உடனே ஓம் சொல்லவில்லை. யோசித்தார்.

"மாதா என்னைப் பொறுப்பாவோ?"

"மாதா அண்டைக்கே பொறுத்திருப்பா. எனக்குத்தான் இன்னும் கொஞ்சக் காலம் வேணும்."

"ஓம்," என்றார் மச்சாள். "அங்கை வந்திருந்து காத்திருக்கிறன்."